வட்டியில்லாக் கடன்

ரசக் கிண்ணத்தை ஓரம் தள்ளிவிட்டு
சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன்.
பதினொரு நாள் விடுப்பு. ஐந்து நாடு. விமானம் கிடையாது.

"குன்மிங்தானே? விமானத்துல நாலு மணி நேரம்"
என்றான் அருள்நாதன், காலணிக் கயிற்றை இறுக்கியபடி.
கடைசி எம்ஆர்டி போய் ஓய்ந்த பிறகு
ஈசூனுக்கும் காத்திப்புக்கும் நடுவே
தண்டவாளத்தில் விளக்கடித்து நடக்கும் வேலை அவனுக்கு.
ரயிலைத் திருகாணி திருகாணியாக அறிந்தவன்.
"லீவுலயும் தண்டவாளமா?"
கதவு சாத்திக்கொண்டது.
மின்தூக்கி ஒன்பதாம் மாடிக்கு வந்து அவனைக் கொண்டுபோனது.

நான் எழுதினேன்:
உட்லண்ட்ஸ் முதல் ஜோகூர் பாரு வரை, ஐந்து நிமிடம்.
இந்தத் தீவை விட்டு வெளியேறும் ரயில்
சோறு ஒரு கொதி வருவதற்குள் நின்றுவிடுகிறது.
அப்புறம் வடக்கே.
செம்பனை, செம்பனை, ஒரு சிமெண்ட் ஆலை,
மறுபடி செம்பனை,
ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்பு மலைகள்.
பாடாங் பெசாரில் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்ப வேண்டும்.
சும்மா கிடைக்கும் ஒரு மணி நேரம்!
அதைத் தாய்லாந்து முழுக்க வைத்துக்கொள்ளலாம்,
மீகோங் தாண்டி லாவோஸ் முழுக்கவும்.
சீன எல்லையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.
இப்படி ஒரு கடனை எந்த வங்கி தரும்?

புறப்பாடு, வருகை, மேல்படுக்கையா கீழ்ப்படுக்கையா, எத்தனை வெள்ளி:
கட்டங்கள் ஒழுங்காக நிரம்பி வந்தன.
பிறகு 'விசா' என்று ஒரு கட்டம் போட்டேன்.
அதை இரண்டாகப் பிளக்க வேண்டியிருந்தது.

அவனுடையது சிவப்பு, என்னுடையது கருநீலம்.
ஒரே இழுப்பறையில், ஒரே பிளாஸ்டிக் உறையில்
ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு வருடமாய்க் கிடப்பவை.
சிவப்புக்கு எழுதினேன்:
வேண்டாம். வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.
என்ன திமிர் அந்தச் சொல்லுக்கு!
விருந்தில் நிறைந்த வயிற்றோடு
இலையை மூடுகிறவரின் குரல்.

கருநீலத்துக்கு:
மலேசியா, இப்போதைக்குத் தேவையில்லை.
தாய்லாந்து, போகும் முன் மறுபடி பார்க்க.
லாவோஸ், படம் இரண்டு, வெள்ளைப் பின்னணி, சிரிக்கக்கூடாது.
சீனா, வங்கிக் கணக்கு, முதலாளி கடிதம், விடுதிப் பதிவு,
போகும் டிக்கெட், திரும்பும் டிக்கெட்.
டிக்கெட் காட்டினால் விசா.
விசா வந்தால்தானே டிக்கெட்டுக்குப் பணம் கட்டத் துணிவு?
இந்த இடத்தில் நானும் கணினியும்
ஒரே நேரத்தில் உறைந்துபோனோம்.
'ஐந்து நாடு' என்ற தலைப்பைப் பார்த்தேன்.
சிங்கப்பூரையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்.
அதை எந்த வரிசையில் போடுவது என்று தெரியவில்லை.
தூங்கப் போனேன்.

காலையில் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.
மேசையில் எண்ணெய் படிந்த கையுறை.
என் அட்டவணையில் நான் போடாத ஒரு கட்டம்:
'தண்டவாள அகலம்.'
1000. 1000. 1000. 1435.
கீழே ஒரு குறிப்பு:
"வியந்தியான்ல பாதை மாறுது. இறங்கி
வேற ஸ்டேஷனுக்குப் போகணும். பெட்டி சின்னதா இருக்கட்டும்.
கீழ்ப்படுக்கை எனக்கு, முட்டி வலி."
சிவப்பு வரிசையில்
கடைசி 'வேண்டாம்' அழிந்திருந்தது.
அங்கே எழுதியிருந்தான்: 'காத்திருக்கணும்.'

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போனோம்.
ஆளுக்கு ஐந்து வெள்ளி, ஐந்து நிமிடம்.
ரயில் இன்னும் இந்தக் கரையில் நிற்க
அந்தக் கரையின் முத்திரை இங்கேயே விழுகிறது.
அவன் முன்னால் போய்விட்டான்.
அதிகாரி என் பக்கங்களைப் புரட்டினார்,
சேலைக் கடையில் விலை கேட்காமல் புரட்டுவதுபோல.
கம்பிக்கு அந்தப் பக்கம்
அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடினான்.
தூங்குகிறான் என்று நினைத்தேன்.
"இந்த இடத்துல ஒரு இணைப்பு தளர்ந்திருக்கு, கேட்டியா?"
எனக்குக் கேட்கவில்லை.
இருபுறமும் தண்ணீர், ஒரு குழாய், வரிசையில் நிற்கும் லாரிகள்.

அதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள்.
இன்னும் மீதி
பத்து நாள்,
இருபத்துமூன்று மணி,
ஐம்பத்தைந்து நிமிடம்.